வேரைத் தின்னும் கூன்வண்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தொட்டிச் செடிகளையும் பசுமைக்குடில் செடிகளையும் தாக்கும் கருநிறக் கூன்வண்டைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: தொட்டியில் வளர்த்த சைக்ளமன் செடி, தண்ணீர் தவறாமல் ஊற்றியும் சில நாட்களில் வாடிச் சரிந்துவிட்டது. பிடித்துத் தூக்கியபோது வேரே இல்லாமல் கையோடு வந்தது. மண்ணுக்குள் வெள்ளைப் புழுக்கள் கிடந்தன. இவை எந்தப் பூச்சியின் புழுக்கள்?

பதில்: புழுக்களை ஒரு வெள்ளைத்தாளில் போட்டு, முதலில் கால்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கால்களே இல்லாமல், பாலேட்டின் நிறத்தில் தடித்த உடலும் பழுப்புத் தலையும் கொண்டு, பிறைபோல் வளைந்து கிடந்தால், அவை ‘வைன் வீவில்’ எனப்படும் கூன்வண்டின் புழுக்கள். முழு வளர்ச்சி அடைந்த புழு ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். மார்புப் பகுதியில் ஆறு கால்கள் தெளிவாகத் தெரிந்தால் அது வேறு வகை வண்டின் வேர்ப்புழு; நூலைப்போல் மெலிந்து, உடல் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிந்து, தலை மட்டும் கறுப்பாக இருந்தால் அது ஈரமண்ணில் பெருகும் பூஞ்சைக் கொசுவின் புழு. மூன்றையும் ஒழிக்கும் முறைகள் வேறுவேறு என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

இந்தக் கூன்வண்டுக்கு 1775ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டுப் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் அறிவியல் பெயர் சூட்டினார். இன்று அதன் பெயர் ஒட்டியோரிங்கஸ் சல்காட்டஸ். ஐரோப்பாவைச் சேர்ந்த இப்பூச்சி, வேரோடும் மண்ணோடும் கப்பலேறிய செடிகளின் வழியாக வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் ஆகிய இடங்களுக்கும் பரவிவிட்டது. சைக்ளமன், பிரிமுலா, பிகோனியா, ஹியூக்கெரா, ஃபூஷியா, சீடம், ஸ்ட்ராபெரி, ரோடோடென்ட்ரான் ஆகியவை இதற்கு மிகவும் பிடித்தமானவை. தரையில் நன்கு வேரூன்றிய செடி ஓரளவு வேரை இழந்தாலும் புதிது விட்டுப் பிழைத்துக்கொள்ளும். தொட்டியிலோ இருக்கும் வேர் அனைத்தும் ஒரு சிறிய மண்கட்டிக்குள் அடங்கியிருப்பதால், சில புழுக்களே செடியைக் கொன்றுவிடப் போதுமானவை.

கேள்வி: ரோடோடென்ட்ரான் இலைகளின் ஓரங்களை ஏதோ கடித்திருக்கிறது. இலைகளின்மீது பூச்சிக்கொல்லி தெளித்தால் சரியாகிவிடுமா?

பதில்: இலை ஓரத்தில் ஒழுங்கற்ற சிறு பள்ளங்களாகக் கடி இருந்தால் அது பெரும்பாலும் கூன்வண்டின் வேலை. அரைவட்டமாகக் கத்தரித்து எடுத்ததைப்போல் வெட்டு வழவழப்பாக இருந்தால் அது இலைவெட்டித் தேனீயாக இருக்கலாம்; அந்தத் தேனீ மகரந்தச் சேர்க்கைக்கு உதவும் நன்மை செய்யும் உயிர் என்பதால் அதை விட்டுவிட வேண்டும்.

கூன்வண்டின் இலைக்கடி செடியின் அழகைக் கெடுக்குமே தவிர உயிரைப் பறிக்காது. உயிரைப் பறிப்பது மண்ணுக்கடியில் இருக்கும் புழு. அது முதலில் நுண்ணிய வேர்களையும், வளர்ந்த பிறகு தடித்த வேர்களையும் தின்கிறது. கட்டைத்தன்மையுள்ள செடிகளில் மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே தண்டின் பட்டையைச் சுற்றிலும் கடித்து எடுத்துவிடுவதும் உண்டு. இலைமீது தெளிக்கும் மருந்து மண்ணுக்குள் இருக்கும் இந்தப் புழுவை எட்டாது. ஆகவே கடிபட்ட இலையை ஓர் எச்சரிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: வண்டு வந்திருக்கிறது, முட்டையிடத் தயாராகிறது அல்லது ஏற்கெனவே இட்டுவிட்டது என்று அதற்குப் பொருள்.

கேள்வி: வாங்கிய செடியின் மண்ணைக் கொட்டிப் பார்த்தபோது மஞ்சளும் பழுப்புமாகச் சிறு உருண்டைகள் நிறைய இருந்தன. அத்தனையும் முட்டைகளா?

பதில்: பெரும்பாலும் அல்ல. நாற்றுப்பண்ணைகளில் தொட்டி மண்ணுடன் கலக்கும், மெதுவாகக் கரையும் உரக் குருணைகளைப் பலரும் இப்படித் தவறாகக் கருதிச் செடியையே எறிந்துவிடுகிறார்கள். அந்தக் குருணைகள் 3 அல்லது 4 மில்லிமீட்டர் அளவில் இருக்கும்; நசுக்கினால் உள்ளிருந்து நீர்மமோ உப்போ வெளிப்படும். கூன்வண்டின் முட்டை 1 மில்லிமீட்டரைவிடச் சிறியது. வெள்ளையாக இடப்பட்டுப் பின் பழுப்பாக மாறுவதால் மண்ணில் அதை வெறுங்கண்ணால் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

கேள்வி: சூடேற்றிய பசுமைக்குடிலில் செடிகள் வளர்க்கிறேன். இந்தப் பூச்சிக்கு எதிராக எந்த மாதத்தில் நடவடிக்கை எடுக்க வேண்டும்?

பதில்: குளிர்காலம் உள்ள நாடுகளில் திறந்தவெளியில் இதன் வாழ்க்கை ஏறத்தாழ ஒரே ஒழுங்கில் நடக்கும். வசந்தத்தின் இறுதியிலும் கோடையின் தொடக்கத்திலும் வண்டுகள் கூட்டுப்புழு நிலையிலிருந்து வெளிவருகின்றன. மூன்று முதல் ஐந்து வாரங்கள்வரை இலைகளைத் தின்ற பிறகே முட்டையிடத் தொடங்குகின்றன. முட்டைகள் இரண்டு மூன்று வாரங்களில் பொரிய, புழுக்கள் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் வேரைத் தின்று, வசந்தத்தில் மண்ணுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகின்றன. உங்கள் குடிலில் இந்த ஒழுங்கு பொருந்தாது. வெதுவெதுப்பு நீடிப்பதால் புழுக்கள் விரைவாக வளர்ந்து இலையுதிர்காலத்திலேயே வண்டாகிவிடக்கூடும். குளிரிலிருந்து தப்பிய வண்டுகள் அடுத்த பருவத்திலும் உயிரோடிருந்து முன்கூட்டியே முட்டையிடும். முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் ஒரே மேசையில் இருக்கலாம். எனவே மாதத்தைப் பார்க்காதீர்கள், தொட்டியைப் பாருங்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஓரிரு தொட்டிகளைக் கவிழ்த்து, மண்கட்டியை உடையாமல் வெளியே எடுத்து, வேர்களுக்கிடையே புழு இருக்கிறதா என்று சீரான இடைவெளியில் பார்த்து வந்தால், செடி வாடுவதற்கு முன்பே செய்தி கிடைத்துவிடும். தண்ணீர் இருந்தும் செடி வாடுகிறது என்று தெரியும் நிலையில் வேரின் பெரும்பகுதி போயிருக்கும்.

ஒரே ஒரு வண்டுதானே என்று விட்டுவிடுவதும் ஆபத்து. இந்த இனத்தில் ஆண் வண்டுகளே அறியப்படவில்லை. எல்லாம் பெண்களே, இணைசேராமலேயே ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் பல நூறு முட்டைகளை இடும். குடிலுக்குள் புகுந்த ஒற்றை வண்டு ஒரு புதிய கூட்டத்தையே தோற்றுவித்துவிடும்.

கேள்வி: நன்மை செய்யும் நூற்புழுக்களை வாங்கித் தொட்டிகளில் ஊற்றினேன். பயன் கிடைக்கவில்லை. இது ஏமாற்று வேலையா?

பதில்: ஏமாற்று வேலை அல்ல, தொட்டி மண்ணில் இருக்கும் கூன்வண்டுப் புழுவுக்கு எதிராக நாங்கள் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். ஆனால் நீங்கள் வாங்கியது உயிருள்ள பொருள் என்பதால், அது உயிரோடு மண்ணை அடைந்ததா, அடைந்த பிறகு நீந்துவதற்கு ஈரமும் இயங்குவதற்கு வெப்பமும் இருந்தனவா என்பதைப் பொறுத்தே பயன் அமையும்.

இந்த நூற்புழுக்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. மண் துகள்களுக்கிடையே உள்ள நீர்ப்படலத்தில் ஊர்ந்து சென்று, வண்டுப் புழுவின் உடலில் இயற்கையாக உள்ள துளைகள் வழியாக உள்ளே நுழைந்து, தம் குடலில் சுமந்து வரும் பாக்டீரியாவை அங்கே வெளியிடுகின்றன. அந்தப் பாக்டீரியாதான் புழுவைச் சில நாட்களில் கொல்கிறது. அழுகும் உடலுக்குள் நூற்புழுக்கள் பெருகி, அடுத்த இரையைத் தேடி வெளியேறுகின்றன. ஹெட்டரோராப்டிடிஸ் வகை தாக்கிய புழு செங்கல் நிறமாகும். ஸ்டெய்னர்நீமா வகை தாக்கியது மஞ்சள் கலந்த பழுப்பாகும். இறந்த புழுக்கள் விரைவில் சிதைந்துவிடுவதால், ‘ஒரு பிணத்தைக்கூடக் காணவில்லை’ என்பது மருந்து வேலை செய்யவில்லை என்பதற்குச் சான்றாகாது.

தவறு நேரும் இடங்கள் பெரும்பாலும் நான்கு. வெப்பநிலை முதலாவது: ஹெட்டரோராப்டிடிஸ் வகைகளுக்கு மண்ணின் வெப்பம் 12 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும், ஸ்டெய்னர்நீமா கிராஸ்ஸெய் என்ற வகையோ 5 டிகிரியிலேயே வேலை செய்யும். குளிர்ந்த மண்ணில் முதல் வகையை ஊற்றினால் அது செயலற்றுக் கிடக்கும். காற்றின் வெப்பத்தை அல்ல, மண்ணுக்குள் வெப்பமானியைச் செருகி அளவைப் பார்க்க வேண்டும். இரண்டாவது ஈரம்: ஊற்றுவதற்கு முன்பும் மண் நனைந்திருக்க வேண்டும், ஊற்றிய பின் இரண்டு வாரங்களுக்காவது காயாமல் இருக்க வேண்டும், ஆனால் நீர் தேங்கி நின்றால் காற்றின்றி நூற்புழுக்களும் இறக்கும். மூன்றாவது வெளிச்சம்: சூரியனின் புற ஊதாக் கதிர் அவற்றை விரைவில் கொன்றுவிடும் என்பதால் மாலையிலோ மேகமூட்டமான வேளையிலோ ஊற்றுங்கள். நான்காவது கையாளும் முறை: பொட்டலத்தை உறையாத குளிரில் வைத்திருந்து, குறிப்பிட்ட தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், கலக்கிய நீரில் அவை அடியில் தங்கிவிடும் என்பதால் ஊற்றி முடியும்வரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், தெளிப்பானில் நுண்ணிய வடிகட்டி இருந்தால் கழற்றிவிட வேண்டும். கலக்கியதை மறுநாளுக்கு வைத்திருக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நூற்புழு தாக்குவது மண்ணில் உள்ள புழு நிலையைத்தான்; முட்டைகளுக்கோ, செடியின்மேல் திரியும் வண்டுகளுக்கோ அதனால் ஒன்றும் ஆகாது. திறந்தவெளியில் கோடையின் இறுதிமுதல் இலையுதிர்காலத் தொடக்கம்வரை, புழுக்கள் சிறியனவாகவும் மண் வெதுவெதுப்பாகவும் இருக்கும் காலமே மிகச் சிறந்தது. எல்லா நிலைகளும் கலந்திருக்கும் பசுமைக்குடிலில் ஒருமுறை ஊற்றி நிறுத்திவிடக் கூடாது; முட்டையாகத் தப்பியவை புழுவாகும் நேரத்துக்கு மறுபடியும் ஊற்ற வேண்டும். மனிதருக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் மண்புழுக்களுக்கும் இவற்றால் தீங்கு இல்லை.

கேள்வி: பகலில் எவ்வளவு தேடியும் வண்டுகள் அகப்படவில்லை. எப்படிப் பிடிப்பது?

பதில்: இவை இரவில் நடமாடுபவை. பகலில் தொட்டியின் அடியிலும் விளிம்பின் உட்புறத்திலும் உதிர்ந்த இலைகளுக்குள்ளும் மேசையின் இடுக்குகளிலும் பதுங்கியிருக்கும். இருட்டிய பின் கைவிளக்குடன் செல்லுங்கள். செடியைத் தொடுவதற்கு முன்பே அடியில் ஒரு வெள்ளைத் துணியையோ தட்டையோ விரித்துவிடுங்கள். அசைவு தெரிந்தவுடன் வண்டு பிடியை விட்டுக் கீழே விழுந்து, செத்ததுபோல் கிடக்கும். கருத்த மண்ணில் விழுந்துவிட்டால் பிறகு கண்ணில் படாது. ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் நீளம், மங்கிய கறுப்பு, முதுகில் சிறு மஞ்சள் திட்டுகள், முழங்கைபோல் மடிந்த உணர்கொம்புகள் ஆகியவை அடையாளம். தொட்டிகளுக்கிடையே நெளிவுகள் உள்ள காகித அட்டையைச் சுருட்டி வைத்துக் காலையில் உதறிப் பார்ப்பதும் பயனுள்ளது.

முதுகின் மேற்சிறகுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் இந்த வண்டால் பறக்க முடியாது. இது நமக்கு மிகப்பெரிய வசதி. நடந்தே வர வேண்டிய பூச்சியை வழியிலேயே நிறுத்தலாம்: மேசையின் கால்களிலும் தொட்டியைச் சுற்றியும் பிசின் பட்டை ஒட்டலாம், மேசைக் கால்களை நீர் நிரப்பிய கிண்ணங்களில் நிறுத்தலாம். ஆனால் ஒரே ஓர் இலை சுவரையோ பக்கத்துச் செடியையோ தொட்டுக்கொண்டிருந்தால் அதுவே பாலமாகிவிடும். பட்டையில் தூசியும் சருகும் படிந்துவிட்டால் அதன்மேல் நடந்தே வந்துவிடும் என்பதால் அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். புதிதாக வெளிவந்த வண்டை முட்டையிடத் தொடங்குவதற்கு முந்தைய அந்தச் சில வாரங்களுக்குள் பிடித்துவிட்டால், அதன் சந்ததி முழுவதையும் தடுத்தவராவீர்கள். இரவு நேரத் தேடலைக் கடிபட்ட இலையை முதலில் கண்ட அன்றே தொடங்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

கேள்வி: மண்ணில் ஊற்றும் இரசாயன மருந்துகளைப் பயன்படுத்தலாமா?

பதில்: ஒரு காலத்தில் ஆல்ட்ரின், டைல்ட்ரின் போன்றவற்றைத் தொட்டி மண்ணில் கலந்தே இந்தப் பூச்சியை அடக்கினார்கள். மண்ணிலும் உயிர்களின் கொழுப்பிலும் நெடுங்காலம் தங்கிவிடும் அந்த நஞ்சுகள் 2001ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் ஒழிக்கப்பட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்ந்தன. பின்னர் வந்த நியோனிக்கோட்டினாய்டு வகை மருந்துகள் வேர் வழியாகச் செடி முழுவதும் பரவி, மகரந்தத்திலும் தேனிலும் சேர்வதால் தேனீக்களுக்கு ஆபத்தானவை. அவற்றில் மூன்றைத் திறந்தவெளியில் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை செய்தது. நிலையான பசுமைக்குடிலுக்குள், அதுவும் செடி தன் வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருந்தால் மட்டுமே விலக்கு அளிக்கப்பட்டது. உங்கள் நாட்டில் எந்த மருந்துக்கு அனுமதி இருக்கிறது என்பதை உறையில் பார்த்து, அதில் குறித்த செடிக்கும் அளவுக்கும் உட்பட்டே பயன்படுத்துங்கள். உண்ணும் செடிகளுக்கு அலங்காரச் செடி மருந்தை ஒருபோதும் ஊற்றாதீர்கள். எங்கள் கருத்தில், வீட்டுத் தொட்டிகளுக்கு நூற்புழுவும் இரவுத் தேடலும் இருக்கும்போது இவற்றுக்குத் தேவை இல்லை.

கேள்வி: தாக்கப்பட்ட செடியைக் காப்பாற்ற முடியுமா? பழைய மண்ணை என்ன செய்வது?

பதில்: செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, மண் முழுவதையும் உதிர்த்து, வேரை நீரில் அலசிப் புழுக்களை நசுக்கிவிடுங்கள். நல்ல வேர் ஓரளவு மிஞ்சியிருந்தால், புதிய மண்ணில், வேரின் அளவுக்கேற்ற சிறிய தொட்டியில் நட்டு, இலைகளில் ஒரு பகுதியைக் குறைத்து, நிழலில் ஈரக்காற்றுள்ள இடத்தில் வையுங்கள். ஹியூக்கெராவும் சீடமும் வேர் முழுவதையும் இழந்திருந்தாலும், தண்டின் நலமான பகுதியை வெட்டி நட்டால் மீண்டும் வேர்விடும். கிழங்கு குடையப்பட்ட சைக்ளமனைக் காப்பாற்ற முயல்வது வீண்.

அலசிய நீரையும் மண்ணையும் பிற தொட்டிகளில் சேர்க்க வேண்டாம். மண்ணைத் தொட்டிகளிலிருந்து தொலைவில் மெல்லிய படலமாக வெயிலில் பரப்புங்கள். ஈரம் வற்றினால் முட்டைகளும் இளம்புழுக்களும் பிழைக்க மாட்டா, பெரிய புழுக்களைப் பறவைகள் பொறுக்கிக்கொள்ளும். காலியான தொட்டியை நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகே அடுத்த செடிக்கு எடுங்கள். புதிதாக வாங்கி வரும் ஒவ்வொரு செடியையும், மற்றவற்றுடன் சேர்ப்பதற்கு முன், தொட்டியிலிருந்து வெளியே எடுத்து வேரைப் பார்த்துவிட்டுச் சில வாரங்கள் தனியே வைத்திருங்கள்.