மாமியாருடன் சஃபாரி: டிக்கெட்டை விடக் காருக்குக் கணக்குப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தில், சால்ஃபோர்டில் இருக்கிறோம். நான் நர்ஸ், கணவர் ஐடியில் வேலை பார்க்கிறார். மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு இரண்டு. கும்பகோணத்திலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருக்கும் மாமியார் இன்னும் ஆறு வாரத்தில் ஊருக்குக் கிளம்புகிறார். அதற்குள் ஒருநாள் நோஸ்லி சஃபாரி பூங்காவுக்கு எங்கள் காரிலேயே போய்வர ஆசை. எல்லாம் சேர்த்து 180 பவுண்ட் ஆகும் போலிருக்கிறது. "இருபதாயிரம் ரூபாயா? வேண்டாம்மா" என்கிறார் மாமியார். கிரெடிட் கார்டில் ஏற்கெனவே 900 பவுண்ட் பாக்கி. இதையும் அதிலேயே போடலாமா? வருடாந்திர பாஸ் லாபமா? கார் பிசிபியில் (மாதத் தவணை கட்டி, முடிவில் ஒரு பெருந்தொகை கொடுத்து வைத்துக்கொள்ளலாம் அல்லது திருப்பிக் கொடுக்கலாம்) எடுத்தது. குரங்குகள் வைப்பரைப் பிடுங்கிவிடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். இன்சூரன்ஸ் கொடுக்குமா?

பதில்: முதலில், போய்வாருங்கள் சகோதரி. இரண்டு பேர் சம்பாதிக்கும் வீட்டில், கடல் கடந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்தவருக்காக ஒருநாள் 180 பவுண்ட் செலவழிப்பதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். மாமியாரின் ரூபாய்க் கணக்கும் புரிகிறது. ஊருக்குப் பணம் அனுப்பும்போது ரூபாயில் பார்ப்பதுதான் சரி. ஆனால் இங்கே பவுண்டில் சம்பாதித்து இங்கேயே செலவழிப்பதை ரூபாயில் மாற்றிப் பார்த்தால், ஒரு பேருந்து டிக்கெட் எடுக்கக்கூட மனசு வராது. டிக்கெட்டை முன்பே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். வாசலில் அவர் முன்னால் பணம் கட்ட வேண்டாம்.

கிரெடிட் கார்டு வேண்டாம். முந்தைய பாக்கியை முழுதாகக் கட்டாத கார்டில், புதிதாக வாங்கும் பொருளுக்குப் பொதுவாக வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். உங்கள் கார்டின் வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அந்த 900 பவுண்டுக்கு மாதம் சுமார் 18 பவுண்ட் போகிறது. பத்து மாதத்தில் ஒரு சஃபாரி செலவு! என்னை உறுத்துவது இந்தப் பாக்கிதான், சஃபாரி இல்லை.

"கிரெடிட் கார்டில் வாங்கினால் சட்டப் பாதுகாப்பு உண்டே" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தில் 75ஆம் பிரிவு அதைத் தருகிறது. ஆனால் மொத்த பில் எவ்வளவு என்பது அதற்குக் கணக்கில்லை. வாங்கும் ஒரு பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் இருக்க வேண்டும். தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் ஒவ்வொன்றும் அந்த வரம்புக்குக் கீழேயே நின்றுவிடும். அதனால் டெபிட் கார்டே போதும். பூங்கா தன் சொல் தவறினால் வங்கி வழியாக 'சார்ஜ்பேக்', அதாவது கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அது சட்ட உரிமை கிடையாது என்றாலும் பெரும்பாலும் உதவும்.

டிக்கெட் எடுக்கும் முன் உங்கள் டியூட்டி ரோஸ்டரைப் பாருங்கள். ஆன்லைனில் வாங்குவதற்கு இந்த நாட்டில் 14 நாள் ரத்து உரிமை இருக்கிறது. ஆனால் குறிப்பிட்ட தேதிக்கு எடுக்கும் பொழுதுபோக்கு டிக்கெட்டுக்கு அது பொருந்தாது. தேதியை மாற்ற விடுவார்களா என்று விதிமுறையில் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மூன்று வயதுக்குக் கீழே பெரும்பாலான பூங்காக்களில் கட்டணம் இல்லை. மகளையும் சேர்த்து எண்ணிக்கை போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது கார். நீங்கள் கவலைப்பட்டதில் நியாயம் இருக்கிறது.

நோஸ்லி இன்று நேற்று வந்த பூங்கா இல்லை. டார்பி பிரபுவின் எஸ்டேட்டில் 1971இல் திறந்தது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே காரில் சுற்றிப் பார்க்கும் முதல் பூங்காவாக லாங்லீட் 1966இல் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே வந்துவிட்டது. ஆக, அங்கிருக்கும் பபூன் குரங்குகள் அரை நூற்றாண்டாகத் தலைமுறை தலைமுறையாகக் கார்களைப் பார்த்துப் பழகியவை. வைப்பர், ஏரியல், கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை, நம்பர் பிளேட், எதையும் விட்டுவைப்பதில்லை. காரின் கூரைப்பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் துணிமணியை அள்ளி வீசுகின்றன என்று 2009இல் பூங்காவே எச்சரிக்க வேண்டியிருந்தது. உங்கள் காரில் கூரைப்பெட்டி இருந்தால் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

இன்சூரன்ஸ் கொடுக்குமா? தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் உங்கள் காருக்கு ஒன்றும் கிடைக்காது. காம்ப்ரிஹென்சிவ் என்றால் பொதுவாக விலங்கு செய்த சேதத்துக்கும் கிளெய்ம் போடலாம். பாலிசிக்குப் பாலிசி மாறும் என்பதால் உங்களுடையதைப் படித்துப் பாருங்கள். ஆனால் கிளெய்ம் கிடைக்குமா என்பதோடு, போட்டால் லாபமா என்றும் யோசிக்க வேண்டும். பாலிசியில் 'எக்சஸ்' என்று ஒரு தொகை இருக்கும். கட்டாய எக்சஸ் 250, பிரீமியம் குறையட்டும் என்று நீங்களாக ஏற்றுக்கொண்டது 300 என்றால், முதல் 550 பவுண்ட் உங்கள் பையிலிருந்துதான் போகும். வைப்பரும் ரப்பர் பட்டையும் போனால் அந்தத் தொகையைத் தொடவே தொடாது. கிளெய்ம் போட்டாலோ, பணத்தைத் திரும்ப வாங்க எதிராளி யாரும் இல்லாததால் அது உங்கள் கணக்கில்தான் சேரும். நோ கிளெய்ம்ஸ் போனஸ் அடிபடும். போனஸைப் பாதுகாத்து வைத்திருந்தாலும் அடுத்த வருடப் பிரீமியம் ஏறாது என்று உத்தரவாதம் இல்லை. 'உங்கள் சொந்தப் பொறுப்பில் வருகிறீர்கள்' என்று இத்தகைய பூங்காக்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவதால், அங்கே கேட்டுப் பெறவும் வழி குறைவு. பல ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு பூங்காவில் என் காரின் பின்பக்க வைப்பர் போனது. கிளெய்ம் போடாமல் கையிலிருந்து கொடுத்தேன். இன்றும் அதையே செய்வேன்.

இதற்கு மேல் பிசிபி. கடைசிப் பெருந்தொகை வரை கட்டி முடிக்கும்வரை அந்தக் கார் ஃபைனான்ஸ் கம்பெனியுடையது. முடிவில் கடைசிப் பெருந்தொகையைக் கட்டி வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், சின்னக் கீறலை மறந்துவிடலாம். திருப்பிக் கொடுப்பதாக இருந்தால் ஒவ்வொரு கீறலையும் பார்ப்பார்கள். வழக்கமான தேய்மானத்தைத் தாண்டிய சேதத்துக்குத் தனி பில் வரும். கூரை முழுக்க நகக்கீறல் இருந்தால் அதை வழக்கமான தேய்மானம் என்று வாதிட முடியாது.

அதனால் என் யோசனை இதுதான். நோஸ்லியில் பபூன் பகுதிக்குள் போகாமல் விலகிச் செல்லும் தனிப் பாதை இருக்கிறது, அதில் போங்கள். சிங்கம், காண்டாமிருகம் எல்லாம் காரிலிருந்தே பார்க்கலாம். குரங்கை மட்டும் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பாருங்கள். பபூன்களுக்கு நடுவே போக பூங்காவே பேருந்து விடுவதும் உண்டு. நீங்கள் போகும் நாளில் அது ஓடுகிறதா, என்ன விலை என்று கேட்டுக்கொள்ளுங்கள். மகன் குரங்குதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், அந்தப் பேருந்துக் கட்டணம் ஒரு வைப்பரை விட மலிவாகவே இருக்கலாம்.

பாஸ் விஷயத்தில் வேண்டியது ஒரு வகுத்தல் கணக்கு. பாஸ் விலையை ஒருநாள் டிக்கெட் விலையால் வகுங்கள். மூன்று வந்தால், வருடத்தில் மூன்று தடவையாவது போனால்தான் முதலுக்கு மோசமில்லை. உங்கள் ஷிஃப்டில், இருவருக்கும் சேர்ந்து விடுமுறை வரும் சனிக்கிழமைகள் எத்தனை? பாஸ் செல்லாத நாட்கள் உண்டா, தானாகப் புதுப்பித்துப் பணம் எடுப்பார்களா என்றும் பாருங்கள். ஆறு வாரத்தில் கிளம்புகிறவருக்குப் பாஸ் எந்தக் கணக்கிலும் கட்டாது. இந்த முறை எல்லோருக்கும் ஒருநாள் டிக்கெட். மகளுக்கு மூன்று வயதாகும்போது பாஸைப் பற்றி மறுபடியும் பேசலாம்.

பெட்ரோல் பெரிய செலவில்லை. எம்62, எம்57 நெடுஞ்சாலைகள் வழியாகப் போக வர 60 மைல் அளவுதான். உணவகச் செலவைத்தான் குறைக்க முடியும். மாமியாரே புளிசாதமும் தயிர்சாதமும் கட்டித் தருவார், அதில் அவருக்கும் மனசு ஆறும். சாப்பாட்டை நடந்து பார்க்கும் பகுதிக்குப் போனபின் பிரியுங்கள். கார் ஊர்ந்துபோகும், ஜன்னலை இறக்கக் கூடாது. ஏசி சரியாக வேலை செய்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

அந்த 900 பவுண்டை மறக்க வேண்டாம். அடுத்த சம்பளத்திலிருந்து மாதம் 150 கட்டினால் ஏழாவது மாதம் தீர்ந்துவிடும். பாக்கியை வட்டியில்லாத பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் கார்டுக்கு மாற்ற முடிந்தால் இன்னும் சீக்கிரம் தீரலாம். மாற்றும் கட்டணம் எவ்வளவு, எத்தனை மாதம் வட்டியில்லை என்று இரண்டையும் எழுதி அனுப்புங்கள், சேர்ந்து கணக்குப் பார்ப்போம். காரை பூங்காவுக்குள் ஓட்டும் முன் நான்கு பக்கமும் கூரையையும் ஃபோட்டோ எடுத்து வையுங்கள். அப்புறம், ஜன்னலோர இருக்கை மாமியாருக்கு.