டுபாயில் கிரிக்கெட் படம் எடுக்கும் வேலை: ஏஜன்டுக்குக் காசு கட்டலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறேன், வயது 29. ஆறு வருடமாகப் பாடசாலைக் கிரிக்கெட், றக்பி, கழக உதைபந்தாட்டப் போட்டிகளைச் சுயமாகப் படம் எடுத்து வருகிறேன். டுபாயில் கிரிக்கெட் அகடமிகளுக்கும் தனியார் லீக்குகளுக்கும் படம் எடுத்துக் கொடுக்கும் ஒரு கம்பனிக்கு ஒக்டோபர் முதல் மார்ச் வரை ஆள் தேவை என்று கொழும்பில் ஒரு ஏஜன்ட் சொல்கிறார். நாளுக்கு 400 திர்ஹம், கிழமைக்கு ஆறு நாள். அவருக்கு 475,000 ரூபாய் கொடுக்க வேண்டும். ‘பதிவுக்காக’ 50,000 ரூபாயை அவரது வங்கிக் கணக்கில் ஏற்கெனவே போட்டுவிட்டேன். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். மூன்று பக்க ஒப்பந்தத்தின் பிரதியை அனுப்பியிருக்கிறேன். கைச்சாத்து வைக்கலாமா? படங்களின் உரிமை யாருக்கு? கமராக்களைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரும்போது சுங்கத்தில் சிக்கல் வருமா? வரி கட்ட வேண்டுமா?

பதில்: மிச்சக் காசைக் கட்ட வேண்டாம். இப்போது இருக்கிற நிலையில் அந்த ஒப்பந்தத்தில் கைச்சாத்தும் வைக்க வேண்டாம்.

ஒப்பந்தம் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்கிறது. முதல் பக்கம் உங்களைச் ‘சுயாதீன ஒப்பந்தக்காரர்’ என்கிறது. அதனால் விசா, தங்குமிடம், காப்புறுதி, விமானச் சீட்டு எல்லாம் உங்கள் தலையில். இரண்டாம் பக்கத்தில் கிழமைக்கு ஆறு நாள் வேலை, கம்பனி சொல்லும் மைதானத்துக்குத்தான் போக வேண்டும், வேறு யாருக்கும் படம் எடுக்கக் கூடாது, ஒவ்வொரு நாளும் மெமரி கார்டை ஒப்படைக்க வேண்டும் என்று வருகிறது. இவை ஊழியருக்கு விதிக்கும் நிபந்தனைகள். ஊழியரின் கட்டுப்பாடு முழுவதும் உங்களுக்கு, அவருக்குரிய பாதுகாப்பு ஒன்றும் இல்லை. இரண்டில் எது என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். மற்றக் கேள்விகளுக்கெல்லாம் விடை அதிலிருந்துதான் வரும்.

ஊழியராகப் போவதென்றால் வழி தெளிவு. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் தொழிலுறவுச் சட்டப்படி வேலை அனுமதியை எடுப்பது கம்பனியின் பொறுப்பு. ஆட்சேர்ப்புச் செலவை ஊழியரிடம் வசூலிப்பதை அதே சட்டம் தடுக்கிறது. அனுமதியில்லாமல் ஆளை வேலைக்கு வைத்தால் கம்பனிக்கு 100,000 முதல் 1,000,000 திர்ஹம் வரை தண்டம். 2024இல் வந்த திருத்தம் அது. ‘விசிட் விசாவில் போய் மாற்றலாம்’ என்ற பேச்சில், மாற்றும் நாள் வரை நீங்கள் மைதானத்தில் நிற்பது சட்டவிரோதம் என்பதைச் சொல்லாமல் விடுகிறார்கள். பிடிபட்டால் கம்பனி தண்டத்தைக் கட்டிவிட்டுத் தொழிலை நடத்தும். உங்களை நாடு கடத்துவார்கள்.

இலங்கைப் பக்கத்தில், 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, வேலைக்காக வெளிநாடு போகிறவர் புறப்படும் முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய வேண்டும். ஆட்களை அனுப்பும் தொழிலுக்குப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் கட்டாயம். ஏஜன்டிடம் அந்த இலக்கத்தையும், இந்தக் குறிப்பிட்ட வேலைக்குப் பணியகம் கொடுத்த அனுமதியையும் கேளுங்கள். அனுமதிப்பத்திரம் இருந்தும் இந்த வேலைக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம், ஆகவே இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். பணியகத்தின் இணையத்தளத்தில் இலக்கத்தைப் போட்டுப் பார்க்கலாம், 1989க்கு அழைத்தும் கேட்கலாம். ‘பங்குதாரரின் லைசன்சில் செய்கிறோம்’ என்று பதில் வந்தால் அத்தோடு பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள்.

சுயாதீனமாகத்தான் போகிறீர்கள் என்றால் ஏஜன்ட் எதற்கு? வாடிக்கையாளர் நேரடியாக அழைப்புக் கடிதம் தர வேண்டும், சேவை ஒப்பந்தம் அவருக்கும் உங்களுக்கும் இடையில் இருக்க வேண்டும், அந்த நாட்டில் சுயதொழில் செய்ய இடம்தரும் அனுமதி வேண்டும். அமீரகத்தில் ஊடகத் துறையினருக்கென ஃப்ரீலான்ஸ் அனுமதி தனியாக இருக்கிறது. அது செலவான காரியம். ஆறு மாத வேலைக்கு அது கட்டுப்படியாகுமா என்று கணக்குப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். மற்ற நாடுகளிலும் இதே கதைதான். அவுஸ்திரேலியாவின் 600ஆம் இலக்க விசிட்டர் விசாவில் வேலை செய்ய முடியாது. ஷெங்கன் விசா 180 நாளில் 90 நாள் தங்க விடும், வேலைக்கான அனுமதியை ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி தீர்மானிக்கும். இன்னொன்று: போட்டி ஏற்பாட்டாளர் கழுத்தில் மாட்டத் தரும் ஊடக அட்டை மைதானத்துக்குள் விடும். அதை வேலை அனுமதி என்று நினைத்துவிடாதீர்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் கேட்டால் ‘சுற்றுலா’ என்று சொல்லவும் வேண்டாம். 400 மில்லிமீற்றர் லென்ஸோடு சுற்றுலா போகிறவர் மிகக் குறைவு என்பது அதிகாரிகளுக்கும் தெரியும்.

படங்களின் உரிமைக்கு வருவோம். ஒப்பந்தத்தின் 7ஆம் வாசகம் இப்படி இருக்கிறது: ‘படப்பிடிப்பாளர் எடுக்கும் எல்லாப் படங்களினதும், திருத்தப்படாத மூலக் கோப்புகளினதும் சகல உரிமைகளும் எடுத்த கணத்திலிருந்தே உலகம் முழுவதும் நிரந்தரமாகக் கம்பனியைச் சேரும்.’

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒரு படத்தின் பதிப்புரிமை முதலில் எடுத்தவருக்குத்தான். பதிவு தேவையில்லை. ஊழியர் தன் வேலையின் போக்கில் எடுத்த படம் மட்டும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளியைச் சேரும். உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். இங்கிலாந்திலும் சுயாதீனமாக எடுப்பவருக்கே உரிமை என்பதுதான் அடிப்படை. அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் இது தலைகீழ்: இன்னொருவருக்காகச் செய்த படைப்பு, வேறு விதமாக உடன்படாவிட்டால், செய்வித்தவரைச் சேரும். கடைசிப் பக்கத்தில் ‘இந்த ஒப்பந்தத்துக்கு அமீரகச் சட்டம் பொருந்தும்’ என்று ஒரு வரி இருக்கிறதே, அதை ஒரு சடங்கு வரி என்று தாண்டிப் போகாதீர்கள். 7ஆம் வாசகத்தை வெட்டிவிட்டு அந்த வரியை விட்டுவைத்தால் உரிமை மறுபடியும் கம்பனிக்கே போய்விடும். வெட்டினால் மட்டும் போதாது, வேறு வாசகம் எழுத வேண்டும்.

அந்த இடத்தில் இப்படிப் போடச் சொல்லுங்கள்: ‘படங்களின் பதிப்புரிமை படப்பிடிப்பாளரிடமே இருக்கும். முழுக் கட்டணமும் கிடைத்த பின், ஒப்படைக்கப்பட்ட படங்களைத் தனது இணையத்தளம், சமூக ஊடகம், அச்சு வெளியீடு ஆகியவற்றில் இரண்டு வருடம் பயன்படுத்தும் உரிமை கம்பனிக்கு மட்டும் வழங்கப்படுகிறது. மூன்றாம் தரப்புக்கு விற்பதற்கும் விளம்பரத்துக்கும் தனிக் கட்டணம். படப்பிடிப்பாளர் தனது மாதிரித் தொகுப்பில் படங்களைக் காட்டலாம். படம் வெளிவரும்போது அவரது பெயர் குறிப்பிடப்படும்.’ கம்பனி முழுவதையும் ஏற்காது. மாதிரித் தொகுப்பையும் ‘முழுக் கட்டணமும் கிடைத்த பின்’ என்ற சொற்களையும் மட்டும் எந்த நிலையிலும் விட்டுக் கொடுக்காதீர்கள். மற்றவற்றில் பேரம் பேசலாம். மூலக் கோப்புகளைக் கேட்டால், நாள் முடிவில் கார்டைக் கொடுக்கும் முன் உங்கள் மடிகணினியில் ஒரு பிரதி ஏற்றிக்கொள்ளும் உரிமையையும் எழுத்தில் வாங்குங்கள். சண்டை வந்தால் படம் எடுத்தது நீங்கள் என்பதற்கு அந்தக் கோப்புகளே சாட்சி.

உரிமை உங்களுக்கு என்றாலும் எல்லாவற்றையும் விற்க முடியாது. ஊடக அட்டையின் நிபந்தனைகளில் ‘செய்திப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று இருப்பது வழக்கம். நீங்கள் எடுத்த சிக்சர் படத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கலாம், குளிர்பான விளம்பரத்துக்குக் கொடுத்தால் ஏற்பாட்டாளரின் நிபந்தனையை மீறுகிறீர்கள். அகடமிப் பிள்ளைகளின் படங்களுக்குப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அதைப் பெறுவது கம்பனியின் பொறுப்பு என்று ஒரு வரி சேருங்கள். அரங்கில் இருக்கும் குடும்பங்களை நெருக்கமாக எடுப்பதில் இன்னும் கவனம் வேண்டும். அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டத்தில், அனுமதியில்லாமல் ஒருவரைப் படம் எடுத்து அவரது அந்தரங்கத்தை மீறினால் குறைந்தது ஆறு மாதச் சிறை, 150,000 முதல் 500,000 திர்ஹம் வரை தண்டம், அல்லது இரண்டில் ஒன்று. கொழும்பில் பிக் மெச் பார்க்க வந்த கூட்டத்தை எடுத்த பழக்கம் அங்கே உதவாது.

காசு வாசகம்தான் உங்களைக் கவிழ்க்கப் போவது. ‘படம் வெளியான மாத முடிவிலிருந்து 45 நாளுக்குள்’ என்கிறது. வெளியிடுவதா இல்லையா என்பது கம்பனியின் விருப்பம், வெளியிடாத படத்துக்குக் காசும் இல்லை. வெளியிட்டாலும் கணக்கைப் பாருங்கள்: மாதம் 26 நாள், நாளுக்கு 400 என்றால் 10,400 திர்ஹம். ஒக்டோபர் வேலைக்குரிய காசு டிசம்பர் நடுப்பகுதியில் வரும். அதுவரை வாடகை, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் உங்கள் கையிருப்பில். எந்த நாளில் பார்த்தாலும் ஏறத்தாழ 26,000 திர்ஹம் வரை அவர்களிடம் நிலுவை நிற்கலாம். அதைக் கொழும்பிலிருந்து வழக்காடி எடுப்பதற்கு அதைவிடச் செலவாகும். இலங்கைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், வாய் ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம் என்று வழக்குப் போடுவதற்குக் காலாவதி எல்லை இருப்பது உண்மை. ஆனால் அமீரகச் சட்டத்துக்கு உட்பட்ட ஒப்பந்தத்தில், சொத்து எல்லாம் அங்கே இருக்கும் கம்பனிக்கு எதிராக, கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு என்ன பயன்? முதல் மாதத்தின் பாதியை முற்பணமாகக் கேளுங்கள். மிச்சம் இரண்டு கிழமைக்கு ஒரு முறை, ‘ஒப்படைத்த திகதியிலிருந்து’ 7 நாளுக்குள். காசு தாமதித்தால் படம் ஒப்படைப்பதை நிறுத்தும் உரிமையும் எழுத்தில் இருக்கட்டும். பேச்சை வாட்ஸ்அப்பில் முடித்தாலும் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டப்படி அது இலங்கையில் சான்றாக எடுபடும். மின்னஞ்சலில் ஒரு முறை தொகுத்து அனுப்பி ‘சரி’ என்ற பதிலை வாங்கி வைத்தால் இன்னும் நல்லது.

கமரா விடயம் சிறியது. புறப்படும்போது கட்டுநாயக்க சுங்கத்தில் கமரா உடல், லென்ஸ் எல்லாவற்றின் தொடரிலக்கங்களோடும் பட்டியல் கொடுத்து ஒப்பம் வாங்குங்கள். திரும்பும்போது புதிதாக வாங்கி வந்தவை என்று தீர்வை கேட்டால் அந்தக் கடதாசி உதவும். விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னால் போனாலும் அந்த வரிசையில் நேரம் போதாமல் போகலாம், இன்னும் முந்திப் போங்கள். பல நாடுகளுக்குப் போகிறவருக்கு ஏ.டி.ஏ. கார்னெற் என்ற சுங்கப் புத்தகம் உண்டு, ஒரு வருடம் செல்லும். கொழும்பில் அதை வழங்குவது ஐ.சி.சி. ஸ்ரீலங்கா. கிரிக்கெட் ஐ.சி.சி. அல்ல, சர்வதேச வர்த்தக சம்மேளனம்! போகும் நாடு தொழிற்கருவிகளுக்கு அதை ஏற்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரி, வெளிநாட்டு வாடிக்கையாளருக்குச் சுயாதீனமாகச் சேவை செய்து, வெளிநாட்டு நாணயத்தில், வங்கி மூலம் இலங்கைக்கு வரும் வருமானத்துக்கு 2025 ஏப்ரல் முதல் உண்டு. உச்ச வீதம் 15 சதவீதம். வருடத்துக்கு 1,800,000 ரூபாய் நிவாரணம் கழித்து, அடுத்த 1,000,000க்கு 6 சதவீதம், அதற்கு மேல் 15. வேறு வருமானம் இல்லாமல் செலவு போக 3,000,000 ரூபாய் மிஞ்சினால் 60,000 உடன் 30,000, ஆக 90,000 ரூபாய். உறவினரின் கையில் காசாக வாங்கினால் அல்லது வங்கியைத் தவிர்த்து உண்டியலில் வந்தால் இந்த 15 சதவீத உச்ச வரம்புச் சலுகை கிடைக்காது. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்து, அந்தப் பெயரில் இன்வொயிஸ் எழுதி, வெளிநாட்டு நாணயக் கணக்குக்கு வரவழையுங்கள். வரி விவரத்திரட்டை நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும்.

இந்த 15 சதவீத விதியில் உங்களுக்குப் பயன்படும் ஒன்று இருக்கிறது. சேவையை இலங்கையில் செய்தாலும், அது வெளிநாட்டில் பயன்படுவதாக இருந்தால் போதும். கொழும்புக்கு வரும் வெளிநாட்டு அணிகள், பாடசாலைச் சுற்றுப்பயணக் குழுக்கள், அவர்களின் உள்ளூர்ப் பத்திரிகைகள் எல்லாருக்கும் எஸ்.எஸ்.சி. மைதானத்திலும் பிரேமதாச அரங்கிலும் படம் எடுக்க ஆள் தேவை. விசா, ஏஜன்ட், மூன்று மாதக் கையிருப்பு எதுவும் வேண்டாம். அணி வருவதற்கு ஆறு கிழமை முன்னால், அவர்களின் ஊடக முகாமையாளருக்கு 20 படங்களும் நாள் கட்டணமும் உரிமை வாசகமும் கொண்ட ஒரு பக்க மின்னஞ்சல் அனுப்புங்கள். டுபாய்க் கம்பனி உங்கள் வாசகங்களை ஏற்க மறுத்தால் நான் முதலில் போகச் சொல்வது இந்த வழியில்தான்.

கட்டிய 50,000 ரூபாய்க்கு வருவோம். ஏஜன்டிடம் கோபமாகப் பேசி அவரை உஷாராக்க வேண்டாம். வங்கி வைப்புச் சிட்டை, வாட்ஸ்அப் உரையாடல், குரல் பதிவுகள், ஒப்பந்தப் பிரதி எல்லாவற்றையும் வேறொரு தொலைபேசியிலும் சேமியுங்கள். பிறகு 7 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அனுமதிப்பத்திர இலக்கம் கேட்டும் தராவிட்டாலோ, காசு வராவிட்டாலோ, பத்தரமுல்லைக் கொஸ்வத்தையில் உள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் விசேட விசாரணைப் பிரிவில் முறைப்பாடு கொடுத்து முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கென்று காசு வாங்குவது மேலே சொன்ன 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் குற்றம், ஆகவே இதை வெறும் கடன் தகராறு என்று தட்டிக்கழிக்க விடாதீர்கள். ‘பதிவுக் கட்டணம், திருப்பித் தரப்படாது’ என்று பற்றுச்சீட்டில் எழுதியிருந்தாலும் முறைப்பாடு செய்யத் தடையில்லை. அந்தப் பற்றுச்சீட்டையும் கொண்டு போங்கள், யார் கைச்சாத்து வைத்தது என்பதுதான் அங்கே முதலில் கேட்கப்படும்.