கட்டட மாதிரியில் கதவின் தீத்தாங்கு நேரத்தை எப்படிப் பதிவது?

திருகோணமலை உப்புவெளியில் கட்டும் மூன்று மாடி ஹோட்டலின் பிம் மாதிரியில் (கட்டடத்தின் தகவல்களைக் கொண்ட கணினி மாதிரி) ஒரு கதவு தீயை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள்.

புதிய பெயர் தேட வேண்டாம். பிம் மாதிரிகளை மென்பொருள்களுக்கிடையே பரிமாற உதவும் ஐஎஃப்சி தரத்தில் (ஐஎஸ்ஓ 16739) கதவுக்கும் சுவருக்கும் 'ஃபயர்ரேட்டிங்' என்ற பண்பு ஏற்கெனவே உண்டு. தலையிடி அதற்குள் எழுதும் மதிப்பில்தான், ஏனென்றால் அது வெறும் எழுத்துப் புலம். ஒருவர் '60', இன்னொருவர் '1 மணி', மற்றவர் 'ஈஐ 60' என்று போட்டால், சரிபார்க்கும் மென்பொருளுக்கு மூன்றும் வேறு.

'ஈஐ 60' உண்மையிலும் வேறுதான். ஐரோப்பிய தீத்தாங்கு வகைப்பாட்டில் 'ஆர்' (R) என்ற எழுத்து சுமை தாங்குவதையும், 'ஈ' (E) சுவாலையும் சூடான வாயுவும் மறுபக்கம் போகாமல் தடுப்பதையும், 'ஐ' (I) வெப்பக் காப்பையும் குறிக்கும்; எண் நிமிடங்களைக் குறிக்கும். வெறும் '60' இதில் எதைச் சொல்கிறது?

மாதிரி தொடங்கமுன்னரே எந்த மதிப்புகளை எழுதலாம் என்று எல்லோரும் உடன்படுங்கள். அதை ஐடிஎஸ் கோப்பாக்கினால் (மாதிரியில் எந்தத் தகவல் எப்படி இருக்க வேண்டும் என்பதை மென்பொருள் படிக்கும்படி எழுதும் கோப்பு) பிழையை மென்பொருளே பிடிக்கும். தீச்சுவரைக் குழாய் துளைக்கும் இடங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலர் விடுவது அதைத்தான்.