கார்போகரிசியில் புதுச் சேர்மம் தேடும் தில்லி அன்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

முனிர்க்கா: காரி பாவ்லி சந்தையில் ‘பாவ்ச்சி’ என்று அரைக் கிலோ வாங்கினேன். இது நம்ம கார்போகரிசிதானே? அரைத்துவிடலாமா?

பதில்: அதேதான், வெண்புள்ளிக்குப் பூசும் விதை. அரைக்கும் முன் 50 கிராம் எடுத்து வைத்து, தாவரவியலாளரிடம் காட்டி இனத்தை உறுதிசெய்யுங்கள். சரக்கில் வேறு விதை கலந்திருந்தால், கிடைத்த சேர்மம் எந்தச் செடியுடையது என்று பிறகு சொல்லவே முடியாது. ரவைப் பதத்துக்கு அரைத்தால் போதும். மாவாக்கினால் சோக்ஸ்லெட் (கரைப்பானைக் கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்ப விதைமேல் இறக்கிச் சாறெடுக்கும் கண்ணாடிக் கருவி) உறையில் இறுகிக் கரைப்பான் இறங்காது.

மயூர் விஹார்: மே மாதம் சோக்ஸ்லெட் ஓட்டினால் கரைப்பான் ஹெக்சேன் பாதி காணாமல் போகிறது.

பதில்: ஹெக்சேன் 69 டிகிரியில் கொதிப்பது. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் வெந்நீராகவே கண்டென்சருக்கு வருவதால் ஆவி முழுக்கக் குளிர்வதில்லை. வாளியில் ஐஸ் போட்டு, கூலர் பம்ப்பால் தண்ணீரைச் சுற்ற விடுங்கள். பம்ப் புகைக்கூண்டுக்கு (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் பெட்டி) வெளியே இருக்கட்டும், ஆவி தீப்பற்றும். எண்ணெய்தானே என்று ஹெக்சேன் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். 1966இல் பிரித்த பாகுச்சியோல் என்ற சேர்மம் அதில்தான் இருக்கிறது. சக்கையை உலர்த்தி, அடுத்து எத்தில் அசிட்டேட் என்ற கரைப்பானில் சாறெடுங்கள்.

ஆர்.கே.புரம்: எத்தில் அசிட்டேட் சாற்றில் வெள்ளைப் படிகம், மாஸ் (மூலக்கூறு நிறை) 186. புதிதா?

பதில்: இல்லை. அது 1933லேயே தெரிந்த சோரலென், அல்லது அதே வாய்பாடுள்ள ஐசோசோரலென். மாஸ் இரண்டையும் பிரித்துக் காட்டாது, புரோட்டான் என்.எம்.ஆர். (ஹைட்ரஜன் அணுக்களின் சூழலைக் காட்டும் சோதனை) காட்டும். பென்சீன் வளையத்தின் இரு ஹைட்ரஜன்களும் தனித்தனி ஒற்றைக் கோடாக வந்தால் சோரலென்; 8.5 ஹெர்ட்ஸ் அளவில் பிளந்து ஜோடி இரட்டைக் கோடாக வந்தால் ஐசோசோரலென். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். தோலில் பட்டு வெயில் விழுந்தால் கொப்புளம் எழும்.

கரோல் பாக்: இந்த விதையில் யாரும் சொல்லாத உச்சம் ஒன்று மாஸில் 391இல் வருகிறது!

பதில்: பிளாஸ்டிக் குழாயிலிருந்து கசிந்த தாலேட்டாக (பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்ப்பது) இருக்கவே வாய்ப்பு அதிகம். விதையே போடாமல், அதே கரைப்பானை அதே அளவு ஆவியாக்கிப் பாருங்கள். அதிலும் 391 வந்தால் விட்டுவிடுங்கள். சேர்மங்களைப் பிரிக்க சிலிக்கா நிரப்பிய குழாய் (column) கட்டும் முன்பே 5 கிராம் விதைச் சாற்றை எல்.சி.-மாஸில் (கலவையைப் பிரித்து ஒவ்வொன்றின் நிறையையும் காட்டும் கருவி) ஓட்டித் தெரிந்தவற்றைக் கழித்துவிட்டால், பல வார உழைப்பு மிச்சமாகும்.

முனிர்க்கா: தெரிந்தவற்றில் எதுவும் பொருந்தவில்லை, மெத்தாக்ஸி (OCH₃) தொகுதி மட்டும் இருக்கிறது. இப்போதாவது புதிது எனலாமா?

பதில்: மெத்தனால் பயன்படுத்தியிருந்தால் பொறுங்கள். அமிலத்தோடு சேர்ந்து அதுவே எஸ்டர் ஆக்கியிருக்கலாம். புது விதையை எத்தனாலில் ஊறவைத்து மறுபடி பிரியுங்கள். மெத்தாக்ஸி இருந்த இடத்தில் எத்தாக்ஸி (எத்தனால் தரும் OC₂H₅ தொகுதி) வந்தால் அது கரைப்பான் செய்த வேலை. மெத்தாக்ஸியே மறுபடி வந்தால், 5 மில்லிகிராம் சேர்த்துக்கொண்டு எச்.எம்.பி.சி.க்குக் (எந்த ஹைட்ரஜன் எந்தக் கார்பனுக்கு இரண்டு மூன்று பிணைப்பு தள்ளி இருக்கிறது என்று காட்டும் என்.எம்.ஆர். சோதனை) கொடுங்கள்.