ஆபீஸுக்கு எந்த நாள் போவது?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பெற்றோருடன் இருக்கிறேன். கோலாலம்பூர் கம்பெனி ஒன்றில் கணக்கு வேலை. மாதம் இரண்டு நாள் ஆபீஸ், மற்ற நாள் வீட்டிலிருந்து. ரயிலில் சுலபமாக இடம் கிடைக்கும் என்று திங்கட்கிழமை போகிறேன். அன்று அங்கே ஆளே இருப்பதில்லை. போயும் ஜூம் மீட்டிங்தான். எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது. ஆபீஸுக்குக் கூடுதலாகப் போக வேண்டுமா, வேறு வேலை தேடவா?

பதில்: வேலையை விடும் முடிவு இப்போது வேண்டாம், சகோதரி. நாளைக் கூட்டுவதற்கு முன் கிழமையை மாற்றிப் பாருங்கள்.

உங்கள் வருத்தம் கற்பனை இல்லை. சீனாவின் சிட்ரிப் என்ற பயண நிறுவனம் 2010 கடைசியில் ஷாங்காய் கால் சென்டரில் ஒரு சோதனை நடத்தியது. சிலரை வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டார்கள். வேலை 13 விழுக்காடு கூடியது. ஆனால் அந்த அளவுக்கு வேலை செய்தும் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. மேலதிகாரி பெயர் எழுதும்போது அன்றாடம் பார்க்கிற முகம்தானே முதலில் ஞாபகம் வரும்? ஒன்பது மாதம் கழித்து ‘இனி உங்கள் விருப்பம்’ என்றதும் வீட்டிலிருந்தவர்களில் பாதிப் பேர் ஆபீஸுக்கே திரும்பினார்கள். தனிமை தாங்கவில்லை.

அதே நிறுவனம் 2021-22ல் 1,600க்கு மேற்பட்ட ஊழியர்களை வைத்து மறுபடியும் பார்த்தது. இம்முறை மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீடு. பதவி உயர்வில் வித்தியாசமே இல்லை. வேலையை விட்டுப் போகிறவர்களும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். அந்த மூன்று நாளும் எல்லாரும் ஒன்றாக வந்தார்கள் என்பதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்.

அதனால் உங்கள் குழு திரண்டு வருகிற நாள் எது என்று கேளுங்கள். செவ்வாய் என்றால் செவ்வாய்தான். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். இரண்டு நாளையும் ஒரே வாரத்தில் முடித்துவிடாமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போங்கள். ஈடிஎஸ் ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் உட்கார்ந்து போய் எக்செல் திறப்பதில் யாருக்கும் லாபமில்லை, அந்த வேலை வீட்டில் இருக்கட்டும். இன்வாய்ஸ் ஏன் தாமதமாக வருகிறது என்று விற்பனைப் பிரிவு மேசைக்கே போய் நின்று கேளுங்கள். மதியம் அவர்களோடு நாசி கண்டார் கடைக்குப் போங்கள். அப்புறம், 2022ல் வெளிவந்த ஓர் ஆய்வில் நேரில் பேசிய ஜோடிகள், வீடியோவில் பேசியவர்களைவிட அதிக யோசனைகள் சொன்னார்கள். திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் பார்வையோடு யோசனையும் குறுகிவிடுகிறதாம். சொன்ன யோசனைகளில் நல்லதைத் தேர்ந்தெடுப்பதில் வீடியோ குறைவில்லை. எனவே முடிவெடுக்கும் கூட்டம் ஜூமில் நடக்கட்டும். ‘இதை வேறு எப்படிச் செய்யலாம்’ என்ற பேச்சை ஆபீஸ் நாளுக்கு வையுங்கள்.

சரி, மற்ற நாள்கள்? நம் ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு நடக்கும். பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கத்தான் அது. ஆனால் யாருக்குக் காய்ச்சல், யார் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். அதன் பிறகு தனி நிரையில் பால் எடுக்க மரம் சீவப் போனவர்களுக்கு அந்தப் பேச்சு ஒரு தெம்பு. உங்கள் காலையில் அப்படி ஒன்று இல்லை. லேப்டாப்பைத் திறக்குமுன் கடைத்தெருவுக்கு நடந்து போய் ஒரு தே (தேநீர்) குடியுங்கள். முகம் மட்டும் தெரிந்தவர்களோடு பேசும் நாலு வார்த்தைகூட மனத்துக்கு நல்லது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தாமானில் உங்களைப் போல வீட்டிலிருந்து வேலை செய்பவர் யாராவது இருந்தால், வாரம் ஒரு நாள் ஒரே மேசையில் உட்காருங்கள்.

மூன்று மாதம் இப்படிச் செய்தும் போதவில்லை என்றால் ஆபீஸ் நாளை மாற்றவோ கூட்டவோ கேளுங்கள். 2023 ஜனவரி 1 முதல் நம் வேலைவாய்ப்புச் சட்டப்படி, வேலை நேரம், நாள், இடம் ஆகியவற்றில் மாற்றம் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். ஆனால் கடிதத்தைச் சட்டென்று அனுப்பிவிடாதீர்கள். அடுத்த செவ்வாய் மேலதிகாரியிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, பதவி உயர்வு பற்றியும் அப்போதே நேரில் பேசிவிட்டு, பிறகு கொடுங்கள்.