2018 மன்ஸ்டர் ஹர்லிங்: மூன்றாமிடம் வந்த லிமெரிக் எப்படி அயர்லாந்து சாம்பியன் ஆனது?

ஹர்லிங் என்பது மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் அயர்லாந்து விளையாட்டு; மன்ஸ்டர் அந்நாட்டின் தெற்கு மாகாணம். அந்த ஆண்டு அதன் தொடரை நடத்தும் விதமே மாறியது. அதற்கு முன் மன்ஸ்டர் தொடர் நாக் அவுட்டாக நடந்தது. 2018இல் கார்க், கிளேர், லிமெரிக், டிப்பரரி, வாட்டர்ஃபோர்டு ஆகிய ஐந்து மாவட்ட அணிகளும் ஒன்றோடொன்று மோதின; ஆளுக்கு நான்கு ஆட்டம். வென்றால் 2 புள்ளி, டிரா என்றால் 1. முதல் இரு அணிகளுக்கு மன்ஸ்டர் இறுதி. மூன்றாவது அணிக்கும் அகில அயர்லாந்துத் தொடரில் வாசல் திறந்திருந்தது.

முடிவில் புள்ளிகள் இப்படி: கார்க், கிளேர் தலா 6, லிமெரிக் 5, டிப்பரரி 2, வாட்டர்ஃபோர்டு 1. வாட்டர்ஃபோர்டின் சொந்த மைதானம் தயாராக இல்லாததால் அவர்களின் ‘உள்ளூர்’ ஆட்டங்களும் வெளியூரிலேயே நடந்தன. அது பெரிய அநியாயம் என்றே சொல்வேன்.

ஸ்கோரைப் படிக்கும்போது பலர் தடுமாறுவார்கள். மன்ஸ்டர் இறுதியாட்டத்தில் கார்க் 2-24, கிளேர் 3-19. முதல் எண் கோல் (பந்து வலைக்குள் போனால்), அடுத்தது பாயின்ட் (குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால்). ஒரு கோல் மூன்று பாயின்ட்டுக்குச் சமம். ஆக 30க்கு 28, கோப்பை கார்க்குக்கு.

லிமெரிக்கோ அகில அயர்லாந்துத் தொடரில் கார்லோ, கில்கென்னி அணிகள் இரண்டையும் வென்று, அரையிறுதியில் அதே கார்க்கைக் கூடுதல் நேரத்தில் வீழ்த்தியது. இறுதியாட்டத்தில் கால்வே அணியை 3-16க்கு 2-18 என ஒரே பாயின்ட்டில் முந்தியது. 1973க்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் அகில அயர்லாந்துப் பட்டம் அது.