கற்பூரவல்லிப் பழத்தில் கருவிதை: கன்றின் குறையா, மகரந்தத்தின் வேலையா?

கேள்வி: திருவையாற்றை அடுத்த காவிரிப் படுகையில் கற்பூரவல்லி வைத்திருக்கிறேன். முதல் தார்களில் குறை ஏதுமில்லை. இவ்வாண்டு மறுதாம்பில், வேலியோரத்து இரண்டு வரிசை மரங்களின் பழங்களில் மிளகளவில் கடினமான கருவிதைகள் இருந்ததால் மண்டியில் தாரைக் கழித்துவிட்டார்கள். கன்று கெட்டுவிட்டதா? எல்லாவற்றையும் தோண்டிவிடலாமா? வாசலில் பூவுக்காக வளர்க்கும் கல்வாழை காரணமாக இருக்குமா? பக்கத்துக் கொல்லையில், மலைப்பக்கத்திலிருந்து கொண்டுவந்த விதை வாழை ஒன்றும் நிற்கிறது.

பதில்: தோண்ட வேண்டாம். கற்பூரவல்லி, தகுந்த மகரந்தம் கிடைத்தால் விதை கட்டக்கூடிய ரகம்; அது அதன் பிறவி இயல்பு, கன்றின் கோளாறு அன்று. ‘வாழையடி வாழை’ என்று நாம் சொல்வது தாவரவியலிலும் உண்மையே: பக்கக்கன்று தாய்மரத்தின் உடலே ஆதலால், சென்ற ஆண்டு விதையில்லாமல் காய்த்த கட்டையின் மறுதாம்பு இவ்வாண்டு வேறு ரகமாக மாறிவிடாது. விதை வேலியோரத்தில் மட்டும் காணப்படுவதே, வெளியிலிருந்து மகரந்தம் வந்திருப்பதற்கு நல்ல சான்று.

நாம் உண்ணும் வாழைகளிற் பெரும்பாலானவை, மூசா அக்குமினாட்டா, மூசா பால்பிசியானா என்னும் இரண்டு காட்டு இனங்களின் வழிவந்தவை. இரண்டுக்கும் உடற்செல்லில் 22 குரோமோசோம்கள். அவை 11 சோடிகளாக நிற்கும். சோடிக்கு ஒன்றாக எடுத்த 11 குரோமோசோம்கள் ஒரு தொகுதி. முதல் இனத்தின் தொகுதியை ஏ என்றும் இரண்டாவதன் தொகுதியைப் பி என்றும் குறிப்பது வழக்கம். பூவனும் ரஸ்தாளியும் நேந்திரனும் ஏஏபி. மொந்தனும் கற்பூரவல்லியும் ஏபிபி. இவை அனைத்திலும் மூன்று தொகுதிகள் சேர்ந்து 33 குரோமோசோம்கள் உள்ளன. மகரந்தமோ சூலோ உருவாகும்போது இரண்டிரண்டாகச் சோடி சேர்ந்து சரிபாதியாகப் பிரிய வேண்டிய இடத்தில், மூன்றாவது தொகுதி சோடியின்றித் தாறுமாறாகப் பங்கிடப்படுவதால் பெரும்பாலான மகரந்தமும் சூலும் பயனற்றுப் போகின்றன. ஆயினும் மலட்டுத்தன்மை மட்டும் பழத்தைத் தந்துவிடாது. மகரந்தம் படாமலேயே காய் திரளும் தனிப் பண்பும் வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்தே விதையில்லா வாழையை நமக்குத் தந்தன. இவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தால்தான் தங்கள் சிக்கல் விளங்கும்: கற்பூரவல்லியில் காய் திரளும் பண்பு முழுமையாக உள்ளது, மலட்டுத்தன்மை முழுமையாக இல்லை. சில சூல்கள் உயிர்ப்புடன் இருக்கின்றன; வளமான மகரந்தம் வந்து சேர்ந்தால் அவை விதையாகின்றன.

அந்த மகரந்தத்தை யார் தந்திருக்க முடியும் என்பதற்கு உறவுமுறையைப் பார்க்க வேண்டும். வாசலில் உள்ள கல்வாழை, பெயரில்தான் வாழை. வாழை, இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றோடு ஒரே தாவர வரிசையைச் சேர்ந்ததாயினும் அது வேறு குடும்பம். அதன் அடிப்படைக் குரோமோசோம் எண்ணும், அதாவது ஒரு தொகுதியில் உள்ளவை, 9; வாழைக்கோ 11. அதன் மகரந்தம் வாழையில் விதை உண்டாக்காது என்பதால் அதை அகற்ற வேண்டியதில்லை. வாழைகள் அடங்கிய மூசா பேரினத்துக்குள்ளேயே 1947இல் தாவரவியலாளர் சீஸ்மன் வகுத்த நான்கு பிரிவுகளில், உண்ணும் வாழைகளின் பிரிவும், நிமிர்ந்த பூங்கொத்துடைய சில அலங்கார வாழைகளின் பிரிவும் 11ஐ அடிப்படை எண்ணாகக் கொண்டவை. மற்ற இரு பிரிவுகளுக்கு 10. பிற்கால டி.என்.ஏ. ஆய்வுகள் முதலிரண்டையும் ஒரே கிளையாகக் காட்டின. ஆனால் 10ஐ உடையவற்றோடு 9 உடைய இனமும், நியூகினியின் மாபெரும் வாழையான 7 உடைய மூசா இன்ஜென்ஸும் சேர்ந்து நின்றன. ஆகவே எண் உறவுக்கு ஒரு தடயமே தவிர முடிந்த தீர்ப்பு அன்று என்பது என் கருத்து.

பக்கத்து வயல்களில் பூவனோ ரஸ்தாளியோ இருந்தால் அவற்றின்மேல் ஐயம் கொள்ள அவ்வளவாக இடமில்லை. அவையும் மூன்று தொகுதி கொண்ட மும்மடியாதலால் அவற்றின் மகரந்தம் பெரும்பாலும் மலடு. தங்கள் விவரத்தில் என் ஐயம் முழுவதும் அந்த விதை வாழைமேல்தான். அது 22 குரோமோசோம் கொண்ட வளமான காட்டு வாழையாக இருந்தால், இரவில் வௌவாலும் பகலில் தேன்சிட்டும் தேனீயும் அதன் மகரந்தத்தைத் தங்கள் வேலியோர மரங்களுக்குக் கொண்டுவந்திருக்கும்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. பக்கத்துக் கொல்லைக்காரரிடம் பேசி, அந்த மரம் சீப்புகளை விட்டு முடித்ததும் நுனியில் தொங்கும் பூவை, ஆண்பூ மடல்கள் விரிவதற்கு முன்பே ஒடித்துவிடச் சொல்லுங்கள். மரத்தை வெட்டச் சொல்லித் தகராறு வேண்டாம். தங்கள் கற்பூரவல்லியின் பூவை ஒடிப்பது இதற்குப் பயன்படாது, ஏனெனில் மகரந்தம் அதனுடையது அன்று. அவர் இசையாவிட்டால், வேலியோர மரங்கள் பூத்தள்ளியவுடன், முதல் மடல் தூக்குவதற்கு முன், காற்றுப் புகும் மெல்லிய துணிப்பையால் பூவை மூடி, கடைசிச் சீப்பின் பூக்கள் வாடியபின் எடுத்துவிடுங்கள். வேலியோரக் கன்றுகளையே அடுத்த நடவுக்கும் பயன்படுத்தலாம்.

ரகத்திலேயே ஐயம் இருந்தால் இலைக்காம்பைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பி மிகுந்த வாழையில் காம்பின் பள்ளத்து விளிம்புகள் உட்புறமாக வளைந்து நெருங்கியிருக்கும்; ஏ மட்டும் உள்ளவற்றில் விரிந்திருக்கும். பூமடலும் பி மிகுந்தவற்றில் தூக்கியபின் சுருளாது. வாழை ஆய்வாளர்களான சிம்மண்ட்ஸும் ஷெப்பர்டும் 1955இல் இவை போன்ற 15 அடையாளங்களுக்கு மதிப்பெண் தந்துதான் நம் வாழைகளின் பூர்விகத்தைப் பிரித்தறிந்தார்கள். அதற்குமேலும் தெளிவு வேண்டுமானால் திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் காட்டிக் கேட்கலாம்.

அந்த விதைகளை நாற்றுவிட்டுப் பார்க்கும் ஆவல் தங்களுக்கு வந்தால், ஓரிரண்டு கன்றுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தாயின் ஒழுங்கற்ற சூலோடு வெளி மகரந்தம் சேர்ந்து பிறப்பவை ஆதலால் அவற்றின் குரோமோசோம் எண்ணிக்கை ஒன்றுபோல் இராது. தாயின் 33 பாதியாகக் குறையாமல் அப்படியே வந்து, அதோடு மகரந்தத்தின் 11 சேர்ந்து 44 உடையதும் பிறக்கலாம். அவற்றில் எதுவும் கற்பூரவல்லியாக இராது.